அமெரிக்காவுக்குப் போன ராணிக் காசு

சிங்காரவேலு அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் போடுகிற சத்தமெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை, பர்மனென்ட். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால், நான் எழுந்து சொம்பைத் தேட வேண்டியிருக்கும்.

அதே மனுஷன், பழைய காசு ஒன்று கைக்கு வந்துவிட்டால் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுவார். காசின் முகத்தில் விரல் படாது. ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நெய்வேலியில் யார் பழங்காசு வாங்கினாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் சைமன்ராஜும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடி உட்கார்ந்தால் சாப்பாட்டு நினைப்பே வராது இவர்களுக்கு.

"வெள்ளிக் காசுன்னா கருத்திருக்கணும்" என்பார் அண்ணன். "ஓரத்துல நீலமும் ஊதாவும் ஓடணும். நூறு வருஷம் காத்துல கெடந்து சம்பாதிச்ச நிறம்யா அது. பளபளன்னு இருந்தா எவனோ தேச்சிருக்கான்னு அர்த்தம். தொடாத, வெச்சிட்டு வா."

2014 வாக்கில் இந்தக் கூட்டத்துக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. காசை அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அவர்கள் அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் மூடித் திருப்பி அனுப்புவார்களாம். அதன் பிறகு விற்பவனும் வாங்குபவனும் வாதாட வேண்டாம், டப்பாவில் எழுதியிருப்பதுதான் தீர்ப்பு. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பண்ருட்டியில் ஒரு நகைக்கடையில் உருக்கப் போட்டிருந்த பழைய வெள்ளியிலிருந்து அவர் பொறுக்கி எடுத்த விக்டோரியா ராணி ரூபாய் ஒன்று இருந்தது. கருத்து, நீலம் ஓடி, அவர் சொன்ன லட்சணமெல்லாம் பொருந்திய காசு. "இது அறுபதுக்கு மேல வரும். என் கண்ணும் அவன் டப்பாவும் ஒண்ணுதான்னு காட்டறேன்" என்று பூங்காவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

காசுகளைச் சென்னைக்குக் கொண்டுபோய் அந்தக் கம்பெனி ஏஜென்டிடம் சேர்ப்பவர் சின்னதுரை. சுரங்கத்தில் வேலை, அண்ணனுக்கு உயிர் நண்பர். ஒட்டிக் கொடுத்த கவரை ஒட்டினபடியே சேர்ப்பார். அதனால்தான் ஊரே அவரிடம் கொடுத்தது. அண்ணன் காசைக் கவரில் போட்டு, ஆயுத பூஜைக்கு ஸ்பேனரோடும் ஸ்கூட்டர் சாவியோடும் சாமி முன்னால் வைத்து, மறுநாள் குங்குமப் பொட்டோடு அந்தக் கவரை அப்படியே ஒட்டி சின்னதுரையிடம் கொடுத்தார். நான்கூடச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கிண்டல் செய்தேன், "ராணியம்மாவுக்கு விசா குடுத்தாச்சாண்ணே?" என்று.

பொங்கல் கழித்து டப்பா வந்தது. உள்ளே இருந்த ராணி, கல்யாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னினாள். மார்க் இல்லை. அசல்தான், ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட காசு என்று எழுதியிருந்தது. சென்னை ஏஜென்டைக் கேட்டால், தன் கைக்கு வந்தபோதே பளபளவென்றுதான் இருந்தது என்றார். பிறகு கேட்க வேண்டுமா! நடுவில் கைமாறிய ஒரே ஆள் சின்னதுரை. நல்ல காசை எடுத்துக்கொண்டு தேய்த்த காசை வைத்துவிட்டான் என்று அண்ணன் பூங்காவே அதிரக் கத்தினாராம். சின்னதுரை, "கவர நான் பிரிக்கவே இல்லண்ணே" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்தச் சங்கதி வீட்டுப் பெண்கள் எங்கள் யாருக்கும் தெரியாது. "அவன் பேர என் முன்னால எடுக்காத" என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் வாயில் கொழுக்கட்டை. காசு விஷயத்தில் ஏதோ மனத்தாங்கல் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடிப்போனது. யாரும் சின்னதுரையிடம் காசு கொடுப்பதில்லை. அண்ணனும் ஒரு காசைக்கூடக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கேட்டு வந்தவர்களை, "டப்பாவுல இருந்தா வாங்கு, இல்லன்னா போ" என்று விரட்டினார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே முணுமுணுத்தார். "சின்னதுரை பாவம். ரிட்டயர் ஆனதும் வடலூர்ல காசுக் கடை போடறதா இருந்தான். பேசி வெச்ச கடைய வேணாம்னு சொல்லப் போறானாம். காச மாத்தறவன்னு பேரெடுத்தவன் கடையில எவன் வாங்குவான்னு கேக்கறான்."

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். புஷ்பவல்லி அக்கா, சிங்காரவேலு அண்ணன் சம்சாரம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். "கருப்புக் காசு குடுத்தாராம், வெள்ளையா வந்துச்சாம், அதுக்கு அந்த மனுஷனத் திருடன்னு சொல்லிட்டாராம்!"

அக்காவின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

"கருப்பாத்தான் இருந்துச்சு லிடியா" என்றார் மெதுவாக. "பூசைக்கு வெளக்கெல்லாம் தொலக்கிகினு இருந்தேன். இவரு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. சாமிகிட்ட வெக்கற பொருளாச்சேன்னு கவரத் தொறந்து பார்த்தா, கன்னங்கரேல்னு கெடக்குது. அமெரிக்காக்காரன் பாக்கப் போறான், அழுக்கா அனுப்பினா நம்ம மானம் போயிடாதா? வெள்ளிக்குத்தான் விபூதி இருக்குதே. நல்லா அழுத்தித் தேச்சேன். ராணி மூஞ்சி அப்படியே பளிச்சுனு வந்துச்சு. தொடச்சி உள்ள போட்டு வெச்சிட்டேன்."

"இயேசப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சொன்னா வூட்ட ரெண்டாக்கிடுவாரு."

"ஆக்கட்டும்க்கா. நானும் கூட இருக்கேன்."

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் அக்கா சொல்லிவிட்டார். நான் இடிக்கும் மின்னலுக்கும் தயாராக நின்றேன். அந்தத் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கடைசியில் கேட்டார், "ஓரத்துல நீலம் இருந்துச்சா புஷ்பா?"

"இருந்துச்சுங்க. நீலமும் ஊதாவுமா. அது பாசின்னு நெனச்சு அதத்தான் ரொம்ப நேரம் தேச்சேன்."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "இத்தினி நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? உனக்கென்ன தெரியும், உனக்கென்ன தெரியும்னே ஓட்டிட்டீங்க. ஒரு நல்ல மனுஷன் பேரு கெட்டுப் போச்சே! நாலு பேரு எதிர்ல கத்தினீங்க இல்ல? அதே நாலு பேரு எதிர்ல போய்ச் சொல்லுங்க. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோருமே பூங்காவுக்குப் போனோம். சின்னதுரையை என் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார். அவர் தள்ளி, ஒரு ஓரமாக நின்றார். அண்ணன் எல்லோரையும் பார்த்து, "சின்னதுரை மாத்தல. காசு என் வூட்லயே தேஞ்சது. தப்பு என்னுது" என்றார். பிறகு சின்னதுரை பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சின்னதுரை உடனே ஒன்றும் இளகிவிடவில்லை. "என் பொண்டாட்டியே ஒருநாள் கேட்டாண்ணே, நெசமாவே மாத்தலையேன்னு" என்றார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். கவர் இல்லை, டப்பா இல்லை. அவரிடம் இருந்ததிலேயே அருமையான காசு அதுதான் என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். அதைச் சின்னதுரையின் உள்ளங்கையில் வைத்து, "இத அனுப்பு" என்றார்.

சின்னதுரை தன் செல்போனை எடுத்து நீட்டினார். "ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. இப்பல்லாம் எல்லாரும் எடுத்துட்டுத்தான் அனுப்பறாங்க."

"எதுக்கு?" என்றார் அண்ணன். "உன்கிட்ட குடுக்கறேன். போட்டோ எதுக்குடா?"

சின்னதுரை செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காசை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். அப்போது பின்னாலிருந்து புஷ்பாக்கா பதறிப்போய்ச் சின்னதுரைக்குக் குரல் கொடுத்தார், "இத நான் தொடக்கூட இல்லண்ணே, சத்தியமா!"

முதலில் சிரித்தது சின்னதுரைதான்.