ஊசியை மூடியவர்

காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் வந்து, "சார், ராஜபாளையத்துல இருந்து போன் வந்துச்சு. ஏரோப்ளேன் விடுவாருல்லா, மில் இன்ஜினியரு வெங்கடபதி சாரு, அவிய தவறிட்டாகளாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்த பிறகே பேனாவை மூடினேன். இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் அவருக்காக அழுதவர்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அழவில்லை.

நினைவு மலருக்கு "நல்லதா நாலு வார்த்தை" கேட்டீர்கள். நல்லதை எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி அவருடைய மில் மைதானத்துக்கு வருவேன். கைப்பிடியிலிருந்து போகும் இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் மாதிரி விமானத்தைக் கட்டி, நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பறக்கவிடும் விளையாட்டு அது. எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடும் விதத்தில் மரியாதை இருந்ததே இல்லை. ஒருமுறை இன்ஜினைக் கிளப்ப விமானத்தின் மூக்கிலுள்ள காற்றாடியைச் சுண்டும்போது அது திருப்பியடித்து என் விரல் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "சாக்பீஸ் பிடிக்க மூணு விரல் போதும் வாத்தியாரே, கவலப்படாதீரும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

அந்த வருடம் என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு புது இன்ஜின் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும். பிளக்கில் ஒரு சின்னஞ்சிறு கம்பிச் சுருள். அதை டார்ச் செல்லால் பழுக்கவைத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டால், பிறகு செல் தேவையில்லை, தன் சூட்டிலேயே கனன்றுகொண்டிருக்கும். ஆனால் புது இன்ஜினை எடுத்தவுடன் பறக்கவிடக் கூடாது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று தேய்த்து வழவழப்பாக வேண்டும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஊசியை நன்றாகத் திறந்து வைத்து, எண்ணெய் வழிய, இருமியபடியே கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், ஆறியதும் மறுபடி. லாரிக்காரர்கள் 'ரன்னிங்' என்பது இதைத்தான். ஊசியை அவசரப்பட்டு மூடினால் எண்ணெய் குறையும், சூடேறும், பிஸ்டன் கீறிப்போகும். நான் ஞாயிறு ஞாயிறாக ஒரு பழைய பெஞ்சில் அதைப் பூட்டி, பொறுமையாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அது பொறுக்கவில்லை. "புது இன்ஜினைத் தாலாட்டக் கூடாதுய்யா, விரட்டணும்" என்பார். அவருக்கு இன்ஜின் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதுகைக் காட்டி நின்றபடியே, சத்தத்தை மட்டும் கேட்டு, "ஊசி கால் சுத்து கூட இருக்கு" என்று சொல்லிவிடுவார், சரியாக இருக்கும். அப்படிப்பட்ட காது. தெரியாதவர் செய்திருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "செத்த நேரம் பறக்கவிட்டுப் பாப்பமா?" என்றார்.

"இன்னும் ரன்னிங் முடியல."

"உம்ம ரன்னிங் முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன் வே."

சம்மதித்தேன். இன்ஜினைப் பெஞ்சிலிருந்து கழற்றி என் விமானத்தில் பூட்டினோம். கம்பியைப் பிடித்துப் பறக்கவிடுவது நான், இன்ஜினைக் கிளப்பி விமானத்தைக் கையிலிருந்து விடுவது அவர், ஊசியைத் தொடக் கூடாது. "சரி வே, தொடல" என்றார். நான் கைப்பிடியோடு நடுவில் போய் நின்றேன். இன்ஜின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வட்டமாக நின்றுகொண்டார்கள். அதில் ஒருவர், "என்ன சார், ஏரோப்ளேனுக்கு டிபியா? இந்த இருமு இருமுது!" என்று கத்தினார். ஒரே சிரிப்பு.

வெங்கடபதி குனிந்தார். அவர் விரல்கள் ஊசியைத் திருகுவதைக் கம்பியின் இந்த முனையிலிருந்து பார்த்தேன். "வேண்டாம்!" என்று கத்தினேன். இருமல் போய் இன்ஜின் வீறிட்டது. விமானத்தை விட்டுவிட்டார். என் கையிலிருப்பது வெறும் கம்பி. அதை வைத்து இன்ஜினை நிறுத்த முடியாது. அது வீறிட்டபடி என்னைச் சுற்றி வர, நானும் சுற்றினேன். கூட்டம் விசிலடித்தது. திடீரெனச் சத்தம் இறுகி, அப்படியே நின்றது. விமானம் தரையில் மோதி உடைந்தது. காற்றாடியைத் திருப்பிப் பார்த்தேன்; அசையவில்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எண்ணெ கூடிப்போச்சுய்யா. வாத்தியாரு ஒரு விளக்கெண்ணெ."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மில்லில் என் பெயர் அது. பிறகு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்து சேர்ந்தது. என் வகுப்புக் கரும்பலகையில் எழுதிவைத்தார்கள். 'ஊசியை மூடியது நான்' என்று ஒரே ஒருமுறை, ஒரே ஒருவர் முன்னால் அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "இன்னுமா வே அதையே பேசுதீரு?" என்றார். பிஸ்டன் சிலிண்டரின் அடியில், புகை போகும் துளைக்கும் கீழே இறுகி நின்றுவிட்டதால், கீறல் விழுந்ததா என்று வெளியிலிருந்து பார்க்கவும் வழியில்லை. பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியில் போட்டுவிட்டேன்.

அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இந்த வருடம் பார்க்கப் போனேன். அனுதாபத்தால் அல்ல, படுக்கையிலாவது சொல்வார் என்றுதான். "சுகர்காரனுக்குப் பால்கோவாவா? சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான் வந்தீரா?" என்று வரவேற்றார். பிறகு அவராகவே கேட்டார்: "அந்த இன்ஜின் கிடக்கா?"

"கிடக்கு. பிடிச்சது பிடிச்சபடியே."

"வெந்நில போடும், இளகிரும். விளக்கெண்ணெதான் காஞ்சு பிடிச்சிருக்கும்."

சாகப்போகிற நேரத்திலும் எண்ணெய் மேல்தான் பழி. மறுநாள் காலையில் இன்ஜினைக் கொதிநீரில் போட்டேன். "குழம்பு வைக்கச் சட்டியத் தேடுனா இங்க இரும்பு வேகுது" என்றாள் என் மனைவி. அவர் சொன்னபடியே இளகியது, அதை ஒப்புக்கொள்கிறேன். காற்றாடியைத் திருப்பினேன். பிஸ்டன் மேலே வந்தது. புகை போகும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, நகத்தால் பிறாண்டியது போல நீளக் கீறல்கள். எண்ணெய் கூடினால் கீறல் விழாது. எண்ணெய் பற்றாமல் வெந்தால்தான் விழும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய் அவர் கண்முன் நீட்டுவதாக இருந்தேன். அதற்குள் போன் வந்துவிட்டது. துக்க வீட்டுக்கும் அதைக் கொண்டுபோனேன். "பையில என்ன சார்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது, அவர் நம்மூரில் பறக்கவிட்ட முதல் வெளிநாட்டு இன்ஜின் என்று சொல்லி, அஞ்சலிக் கூட்டத்தில் படத்துக்குப் பக்கத்தில் வைக்க அதைக் கேட்கிறீர்கள். கொண்டுவருகிறேன். புகைத் துளை, நாற்காலிகளின் பக்கம் திரும்பியிருக்கும்படி நானே வைப்பேன். டார்ச்சும் என்னிடம் இருக்கும். பூப்போட வருகிறவர்கள் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். வெங்கடபதி எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கீறல்கள்தான். கூட்டம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன்.