பூனாவுக்குப் போகாத கார்

உலக யுத்தம் முடிந்து, நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம் நடந்தது இது. பம்பாய் மாதுங்காவில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பழைய காரை என் கணவர் வாங்கியிருந்தார். எங்கள் கட்டடத்திலேயே அதுதான் முதல் கார். ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பியைக்கூடத் தொடாமல், துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்கப் போய்விடுவார். என்னை அவ்வளவு அக்கறையாக அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்குத்தான் பயமாக இருந்திருக்கும்.

என் கணவரின் தங்கை பிரசவத்துக்காக எங்களிடம் வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாத பெண். எங்கள் வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தாயையும் குழந்தையையும் பூனாவில் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ரயிலில் போவதாகத்தான் பேச்சு. "சொந்தக் கார் இருக்கறச்சே ரயில் எதுக்கு?" என்று கிளப்பிவிட்டவர் அத்திம்பேர். என் கணவரின் அக்கா வீட்டுக்காரர் அவர். பெரிய கம்பெனியில் ஹெட் கிளார்க். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொன்னதுதான் சட்டம். நாள் பார்த்தது அவர். முந்தின நாள் சாயங்காலம் காருக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அவர்தான். எங்களோடு பூனா வரை வருவதாகவும் சொல்லிவிட்டார்.

காலையில் கிளம்பினோம். முன்னால் கணவரும் அத்திம்பேரும். பின்னால் வலப்பக்கம் நாத்தனார், இடப்பக்கம் நான். குழந்தை என் மடியில். காலடியில் வெந்நீர் ஆற்றி ஊற்றிய கூஜா. பூஜை போட்ட வண்டி என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன்.

சயான் தாண்டியதும் உள்ளங்காலில் ஏதோ குறுகுறுவென்றது. முதலில் என் காலைத்தான் சந்தேகப்பட்டேன். சும்மா ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத ஜன்மம் நான். கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்காகச் சின்ன வயதில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. காலை இறுக்கி வைத்துப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை. கார் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, வண்டி என்னமோ பண்றதே?" என்றேன்.

"ரோடு சரியில்லே" என்றார் அத்திம்பேர். அவரைக் கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொல்வது அவர் வழக்கம்.

கொஞ்ச தூரத்தில் வழவழவென்று தார் ரோடு வந்தது. நடுக்கம் அப்படியே இருந்தது. இப்போது கணவருக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். எஞ்சினாக இருக்கும் என்று நினைத்து, ஓட்டத்திலேயே கிளட்சை மிதித்தார். எஞ்சின் சத்தம் அடங்கி வண்டி தானாக உருண்டது. நடுக்கம் போகவில்லை. "எஞ்சின் இல்லே" என்று முணுமுணுத்தார். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பார்த்தார். அது நடுங்கவில்லை. "முன்சக்கரமும் இல்லே" என்றார். பெட்ரோலில் கெரசின் கலந்திருப்பார்கள் என்று அத்திம்பேர் அபிப்பிராயம் சொன்னார். கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குர்லாவில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அங்கேதான் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. டக்... டக்... டக். வண்டி மெதுவாகப் போனால் சத்தமும் மெதுவாக. வேகம் எடுத்தால் அதுவும் வேகமாக. ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இடிக்கிறது என்று புரிந்தது. ரோடு வலப்பக்கம் வளைந்தபோது அதிகமானது, இடப்பக்கம் வளைந்தபோது குறைந்தது. வலது காலைத் தூக்கிவிட்டு இடது காலை மட்டும் ஊன்றிப் பார்த்தேன். பிறகு காலை மாற்றிப் பார்த்தேன். இடது காலில்தான் அடி பலமாக விழுந்தது. கூஜாவைத் திறந்தால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சிலிர்த்துக்கொண்டிருந்தது. அதையே நாத்தனார் பக்கம் நகர்த்தினால் கொஞ்சம் அடங்கியது.

அடி விழுகிற இடம் எனக்கு நேர் கீழே. அதாவது குழந்தைக்கு நேர் கீழே.

"ஏன்னா, இடது பின்சக்கரம். நிறுத்துங்கோ."

"நீ குழந்தையைப் பாத்துக்கோ. வண்டியை நான் பாத்துக்கறேன்."

"புக்காத்துக்குக் கிளம்பியாச்சு. ராகுகாலம் வரதுக்குள்ளே தாணா தாண்டணும். நடுவிலே நிறுத்தப்படாது" என்றார் அத்திம்பேர்.

காட்கோபர் போய்விட்டது. ரோடு காலியாக இருந்ததால் கணவர் வேகத்தைக் கூட்டினார். ஒரு வேகத்துக்கு மேல் நடுக்கம் குறைந்தாற்போல இருந்தது. "பாத்தியா, சரியாயிடுத்து!" என்று சந்தோஷமாகத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மும்ப்ரா தாண்டி, பன்வேல் தாண்டி, மலை ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். நாத்தனார் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

எத்தனை தரம் சொன்னாலும் நிறுத்தப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்கு வாந்தி வரது. சீட்டிலேயே எடுத்துடுவேன்."

கார் அந்த இடத்திலேயே நின்றது. எங்கள் உயிருக்கு நிற்காத வண்டி, சீட்டுத் தோலுக்காக நின்றுவிட்டது.

இறங்கிய கணவர், வந்த கோபத்தில், பின்சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டார். சக்கரம் சாய்ந்து, திரும்ப வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து சக்கரத்தின் நடு மூடியை நெம்பினார். உள்ளேயிருந்து இரண்டு நட்டுகள் உருண்டு ரோட்டில் விழுந்தன. மற்ற மூன்றும் விரலால் திருகினாலே கழன்று வந்தன.

ஜாக்கியை வைத்தால் அது மண்ணில் புதைந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. தாராவியிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. வாசனை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து டிரைவர், ஒரு பலகையைக் கொண்டுவந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்து, "எக்கா, பச்சப்புள்ளய வெயில்ல வச்சிக்கிட்டு நிக்கியளே. லாரி நெழல்ல வந்து இரிங்க" என்றார். அத்திம்பேர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று ஜாடை காட்டினார். நாத்தனார் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே ஒரு போல்ட்டின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, நசுங்கி அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கோயில் குங்குமமும் மஞ்சள் கிழங்குத் துண்டும். முந்தின நாள் கணவர் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வேறு சக்கரத்தை எடுத்துவரப் போன நேரத்தில் யாரோ கட்டியிருக்க வேண்டும். இருட்டுகிற சமயம், அவர் கவனிக்காமல் சக்கரத்தை அதன் மேலேயே மாட்டி முடுக்கியிருக்கிறார். துணி நசுங்க நசுங்க நட்டு தளர்ந்துவிட்டது.

எல்லோரும் அத்திம்பேரைப் பார்த்தோம்.

"வெளியிலே கட்டினா தெருப் பசங்க பிச்சுண்டு போயிடுவா. உள்ளே இருந்தா பத்திரம்னுதான்..." என்றார். நல்லதுக்குச் செய்தவர்தான். அன்று அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

முடிச்சை எடுத்துவிட்டு, நட்டுகளை முடுக்கி, "எல்லாரும் ஏறுங்கோ" என்றார் கணவர். நாத்தனார் அசையாமல் என்னைக் கைகாட்டினாள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்:

"மன்னி சரின்னு சொன்னா ஏறறேன்."

அவளையும் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு, நானும் கணவரும் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். காலைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமில்லை, நடுக்கமில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று கேட்கிற குரல்.

அவ்வளவு நேரம் யாரும் கேட்கவில்லையே என்று துடித்தேனே, இப்போது கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் 'சரி' என்று சொன்னால் அந்தப் பச்சைக் குழந்தை மலை ஏறும். இரண்டு போல்ட்டுகளின் மரை தேய்ந்திருந்ததை நானும் பார்த்திருந்தேன். அது எவ்வளவு தாங்கும், தாங்காது என்று எனக்கு என்ன தெரியும்?

"எனக்கு ஒண்ணும் தெரியலேன்னா. ஆனா, மலை ஏற வேண்டாம். ஆத்துக்குத் திரும்பிப் போயிடலாம்."

"புக்காத்துக்குக் கிளம்பின பொண்ணை நடுவழியிலே திருப்பறதாவது! அபசகுனம்!" என்று, நாங்கள் திரும்பி வந்து சொன்னதும் அத்திம்பேர் குதித்தார். என் கணவர் குரலை உயர்த்தவில்லை. "அவ சொல்லிட்டா, அத்திம்பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மாதுங்கா வரை ஊர்ந்து வந்தோம். வழி முழுக்க என் உள்ளங்கால் வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே நாத்தனாரும் குழந்தையும் ரயிலில் பூனா போய்ச் சேர்ந்தார்கள். போல்ட்டுகள் எல்லாவற்றையும் கணவர் புதிதாக மாற்றிவிட்டார். பழையவை மலை ஏறியிருக்குமா, ஏறியிருக்காதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நம் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று அங்கலாய்ப்பது சுலபம்; நம் ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தி கைக்குழந்தையோடு காத்து நிற்கும்போதுதான், 'எனக்குத் தெரியாது, ஆனாலும் வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது தெரிகிறது.