நாமம் போட்டு வந்த சர்க்கஸ் யானை

இதை எழுத வெட்கப்பட்டே பல வருடங்களைத் தள்ளிவிட்டேன். இன்று காலை ஸ்ரீரங்கத்தில் கோயில் யானைக்குப் பழம் கொடுத்தபோது, அதன் சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டது. இனியும் தள்ள மனம் வரவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது பொன்மலைக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. சிங்கம், பேண்டு வாத்தியம், பந்து உதைக்கும் யானை என்று ஒரே அமர்க்களம், டிக்கெட்டுக்கு அடிதடி. மறுமுறை வந்தபோது கூட்டமே இல்லை. முதலாளி கூடாரத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். பாகர் அந்த யானையோடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பழம் கேட்டார்.

"சர்க்கஸ் ஆனைக்கெல்லாம் இங்க ஒண்ணும் கிடையாது. போய் பந்து உதைச்சுப் பொழைக்கச் சொல்லுப்பா" என்றார் அப்பா. தெருவே சிரித்தது.

மறுநாள் நெற்றி நிறைய நாமத்தோடு ஒரு யானை வந்தது. அம்மா ஓடிப்போய் ஒரு சீப்புப் பழம் கொடுத்தாள். துதிக்கை என் தலையைத் தொட்டதும், "பெருமாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துப் பாகர் கூசிப்போனார்.

"அம்மா, நேத்து வந்த அதே ஆனைதாங்க. பசி தாங்கல, அதான் நாமம் போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். அப்பாவோ கையில் வைத்திருந்த இன்னொரு சீப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை யாரிடமாவது சொல்வதானால், அப்பா மனம் மாறித் திரும்பி வந்து கொடுத்ததாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவர் வரவில்லை.