பட்டன் குடை

குடை செய்கிறவர் மகளாகப் பிறந்துவிட்டு, இன்னொருத்தியின் குடையைப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.

பேட்டையில் அப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கம்பியும் பிடியும் வெளியூரிலிருந்து வரும். அவற்றைப் பூட்டி, கறுப்புத் துணி மாட்டி, குடையாக்குவார். துணி தைப்பது அம்மா. அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருந்த மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், சாரல் மழைக்காலத்துக்கு முன்னால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். வருடா வருடம் வைகாசியில் அப்பா அங்கே போவார். மாமா இத்தனை டஜன் என்று வாயால் சொல்லுவார். அதை நம்பித்தான் அப்பா கம்பிக்குச் சொல்லி அனுப்புவார். எங்கள் வீட்டு அடுப்பும் என் பள்ளிக்கூடமும் அந்த ஒரு சொல்லில் ஓடின.

அந்த வருடம் என்னையும் கூட்டிப் போனார்.

அத்தை மகளுக்கும் என் வயதுதான். என்னைவிட நீளமான சடை, படிக்கச் சொந்தமாக ஒரு மேசை. இதையெல்லாம் நான் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் புத்தகப் பையிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத ஒன்றை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். டப்பென்று நீலப் பூக்களோடு குடை விரிந்தது. என்னிடம் இருந்தது அப்பா செய்த கறுப்புக் குடை. அதை விரிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். என்னை ஒரே ஒரு தடவை அமுக்க விட்டாள். மறுபடியும் கை வைத்ததும், "போதும்ட்டி, ஸ்பிரிங்கு போயிரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அவள் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது, அதற்காக இந்த வருடம் சாரலே விழக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மழை இல்லாவிட்டால் நாங்கள் என்ன சாப்பிடுவோம் என்பது வேண்டுதலில் வரவில்லை.

கடையிலிருந்து மாமா அவளைக் கூப்பிட்டு, குடையை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் அதே மாதிரிக் குடைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. வெளிநாட்டுச் சாமானுக்கு இருந்த தடையை அரசாங்கம் எடுத்துவிட்டதாம். சீனாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வருகிறதாம். விலையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்குக் கம்பி வாங்கவே அவ்வளவு ஆவுதே, அத்தான்" என்றார் அப்பா.

"நா வாங்கலேன்னா எதுத்த கடைக்காரன் வாங்கப் போறான், மாப்ளே. சாக்க மடிச்சுத் தலையில போட்டுட்டு நடவுக்குப் போனவ, இப்ப தனக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணுன்னு வாங்குதா. அவகிட்ட நா என்னத்தச் சொல்ல?"

அப்பா கம்பியை விரலால் வளைத்துப் பார்த்து, இது இரண்டு காற்றுக்குத் தாங்காது என்றார். தாங்காவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள் என்றார் மாமா.

பிறகு அப்பா பட்டனை அமுக்கினார். மூடினார். மறுபடி அமுக்கினார். துணியைத் திருப்பித் தையலைப் பார்த்தார். கம்பி மடங்கும் இடத்தில் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். திரும்பவும் அமுக்கினார். அத்தை மகள் தவித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்தபடி, திருப்பிக் கொடுக்க மனசே இல்லாமல் நின்றார். சற்று முன்பு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மாமா காப்பி வரவழைத்தார். அம்மாவின் உடம்பை விசாரித்தார். பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். எத்தனை டஜன் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

பஸ்ஸில் நான் பைய, "ஒங்களுக்கும் அந்தக் குடை பிடிச்சிருக்காப்பா?" என்று கேட்டேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எவனோ நல்லாச் செஞ்சிருக்கான், ஏட்டி" என்றார்.

அப்படியென்றால் நாமும் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். அவர் என் தலையைத் தடவினார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். சேரன்மகாதேவி தாண்டும்வரை, நீலப் பூவா சிவப்புப் பூவா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே பொறாமைதான் என்று நினைத்து, அவர் தோளில் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டேன்.