கறுத்த கொம்பு

மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். உள்ளங்கைக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கும் நடுவே கட்டைவிரலால் அமுக்கச் சொன்னாள் பக்கத்து சீட்டுக்காரி. அமுக்கினேன். "ஆங்..." என்று என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. அது அப்பாவின் சத்தம்.

மயிலாடியில் அப்பாவுக்குச் சிலை செதுக்கும் வேலை. நாளெல்லாம் சுத்தியல் பிடித்த கையில் தேங்காய் எண்ணெய் தடவி, பாதி முடிந்த நந்தியின் கொம்பு நுனியில் மணிக்கட்டை வைத்துச் சாய்வார். கண்ணை மூடிக்கொண்டு "ஆங்... ஆங்..." என்பார். வழியே போகிறவர்கள் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

வேலை முடிந்ததும் நந்தியை எடுத்துப்போக குலசேகரத்திலிருந்து கோயில்காரர் வந்தார். நாளெல்லாம் கத்தி பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனிதர்.

"ஓய், ஒரு கொம்பு மட்டும் ஏன் கறுத்துக் கெடக்கு?"

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா முந்திக்கொண்டாள். "கைவலிக்கு அதுலதான் அமுக்குவாரு. எல்லாம் எண்ணெயாக்கும்."

ஆறு மாச வேலை. வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று பயந்தேன். அவரோ தன் மணிக்கட்டைக் கொம்பில் வைத்து அழுத்தினார். "ஆங்..."

கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு கொம்பும் ஒண்ணுபோல இருக்கணும், பாத்துக்கிடும். அடுத்த மாசம் வாறேன். அதுக்குள்ள மத்தக் கையையும் அமுக்கும்."

இப்போது வலது கை தேவலை. இடது கையில் வலியே இல்லை. ஆனாலும் அதிலும் மூன்று விரல் அளந்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.