ஏரிக்கு வந்த பிறந்த வீட்டார்

இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மா கொஞ்சம் கோபமாக இருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்த படம் அது. வேறு எப்படி இருப்பார்?

எங்கள் அம்மா முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே படகு எஞ்சின் பழுதுபார்க்கப் போன தஞ்சாவூர்க்காரரான அப்பாவை, வீட்டார் சம்மதமில்லாமல் மணந்துகொண்டார். அன்றோடு பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. ஒரே அண்ணன், எங்கள் தாய்மாமா, தங்கை பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். தஞ்சையில் அம்மா இட்லி மாவு அரைத்து விற்று என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தெருவில் யாருக்குப் பிரசவமானாலும் பத்தியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். தன் பிரசவங்களுக்குத் தாய்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி. நீர்க்காகமும் கொக்கும் நாமக்கோழியும் அங்கே எப்போதும் இருப்பவை. அம்மா அவற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார். மழைக்காலத்தில் அபூர்வமாக வழிதவறி வரும் கடல்காகத்துக்கும் பூநாரைக்கும்தான் காத்திருப்பார். எங்களுக்கு அதிசயமான அந்தப் பறவைகள் அம்மா தான் பிறந்த ஊரில் தினம் பார்த்து வளர்ந்தவை. ஒரு வருஷம் ஒற்றைப் பூநாரை வந்தபோது மாவு வியாபாரத்தை மறந்து கரையிலேயே நின்றார். "ஒங்க அண்ணன் சீர் அனுப்பிருக்காரு போல" என்று அப்பா சீண்டினார். அம்மா சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கடலோரத்தைப் பெரும்புயல் அடித்துப்போட்ட மறுநாள் காலை, ஏரியில் கடல்காகங்கள் கூட்டமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. முத்துப்பேட்டைக்கு எந்தப் போனும் கிடைக்கவில்லை. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"இதுங்களே அங்க இருக்க முடியாம வந்துருக்குன்னா, மனுஷங்க என்ன ஆனாங்களோ. நான் போறேங்க."

கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தவர், அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு அப்பாவோடு மினி லாரியில் போனார். மாமா வீட்டில் கூரை இல்லை; மாமா உயிரோடு இருந்தார். ஆனால் தங்கையைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா மாமாவின் மனைவியிடம் மூட்டைகளைக் கொடுத்து, ஏரிக்கு வந்த பறவைகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கும்போதெல்லாம், ஏரிக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார். தம்பிக்குப் பொய் சொல்ல வராது, இல்லை என்பான். போன ஐப்பசியில், யாரும் வராமலேயே அம்மா போய்விட்டார்.

அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். பிறந்த வீட்டுக் கோடி வரவில்லையா என்று உறவினர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நாமே கடையில் ஒரு புடவை வாங்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்பா சம்மதிக்கவில்லை. பிற்பகலில் மாமா வந்தார். கொண்டுவந்த கோடியை அம்மா மேல் போர்த்தினார். அழவில்லை. அத்தனை வருஷத்தில் முதன்முறையாக அப்பாவிடம் பேசினார்.

"மாப்ள, தங்கச்சி நின்னு பாக்குமாமே, அந்த ஏரி எந்தப் பக்கம்?"

அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகத் தாங்கிய தெருவாசிகளுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், இந்த ஓராண்டில் அப்பாவைத் தனியே விடாத அவர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, உங்களுக்கும் நன்றி எழுத வேண்டும். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அம்மா இருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார். அன்று ஏரியில் உங்கள் ஊர்ப் பறவை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தம்பி வந்து கூப்பிடும்வரை நின்றுகொண்டேயிருந்தீர்கள். மழைக்காலம் வருகிறது. பறவைகள் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் வாருங்கள்.