எங்கள் வீட்டில் விழுந்த விபூதி

அந்தப் படத்தைப் பார்த்தால் இப்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். படத்தில் இருக்கும் சாமியார்மீது எனக்குக் கோபம் கிடையாது. முசிறிப் பக்கம் காவிரிப் படித்துறையில் கோவணத்தோடு கிடந்து, காலில் விழ வந்தவர்களையெல்லாம் கல்லெடுத்து விரட்டி, எப்போதோ போய்ச் சேர்ந்தவர் அவர். உயிரோடு இருந்திருந்தால் எங்களையும் விரட்டியிருப்பார். செத்தவர் கையில் கல் ஏது?

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் முதலில் வியாழக்கிழமை பஜனை ஆரம்பித்தது. நான்கைந்து பெண்கள், ஒரு சுண்டல் பாத்திரம், சட்டம் போட்ட ஒரு படம், அவ்வளவுதான். பிறகு படத்தை வாரம் ஒரு வீட்டில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்கு எழுந்தருளல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் வேகம் பிடித்துவிட்டது. அரியமங்கலத்துக்குப் போனது, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் போனது. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் சாமி மட்டும் டிக்கெட் எடுத்து ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போனார். நின்றுகொண்டு வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குக்கூட அந்த சீட்டை அவர்கள் விடவில்லை. என் கண்ணால் பார்த்தேன். அன்று வாயைத் திறக்காமல் இறங்கிப் போனவன்தான் நான்.

படம் போன வீட்டில் கண்ணாடிமேல் விபூதி விழ வேண்டும். அதுதான் பேச்சு. விழுந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். உடனே கும்பிடும் கை எமோஜிகள் வரிசை கட்டும். விழாத வீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். "வீட்ல தீட்டு கீட்டு ஏதாச்சும் உண்டாங்க?" என்று மட்டும் அன்பாக விசாரிப்பார்கள். அந்த அன்பை நினைத்தாலே எனக்கு எரிகிறது.

எங்கள் முறை வந்தது. ஆறு நாள் ஆகியும் கண்ணாடி பளபளவென்றே இருந்தது. என் மனைவி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தலைக்குக் குளித்தபடியே இருந்தாள். "நாளைக்குப் படத்தை எடுத்துட்டுப் போயிருவாங்க. நான் என்னங்க பாவம் பண்ணேன்?" என்று அழுதாள். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவள் அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்? மறுநாள் காலை அவள் பால் வாங்கப் போன நேரத்தில் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன். டீ வடிகட்டியில் விபூதியைப் போட்டு மெல்லத் தட்டினேன். நான் பட்டறையில் லேத் ஓட்டியவன், கை நடுங்காது. நெற்றியிலிருந்து மார்புவரை அழகாகப் படிந்தது. வடிகட்டியைக் கழுவி வைத்தேன். அதிலேயே அவள் டீ வடித்துக் கொடுத்தாள். ஆனந்தக் கண்ணீரோடு இருந்தவளைப் பார்த்துக்கொண்டே நானும் குடித்தேன்.

அன்று மத்தியானம் என் அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தாள். ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பிள்ளைகள் இல்லை, மாமா காலமான பிறகு தனியாக இருந்தாள். இந்த விபூதிக் கதைகளைக் கேட்டு என்னைவிட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். அவளுக்குச் சர்க்கரை நோய். கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் ஆறாமல் இருந்ததால், தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"வேற எவன் வீட்ல விழுந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்டா தம்பி. உனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள்.

என் மனைவி பக்கத்தில் நின்றாள். தெருப் பெண்கள் பத்துப் பேர் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அக்கா ஒரு பொட்டலம் விபூதி கேட்டு வாங்கிப் போனாள்.

பூஜையறையில் வைக்கத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துப் போனில் சொன்னாள்: "புண்ணுல சாமி விபூதிதான் வெக்கிறேன். வலியே இல்லடா."

"கட்டு மாத்தப் போறியா இல்லையா?"

"அது எதுக்கு இனிமே?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் மனைவி தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்தேன். அந்த வார இறுதியில் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். போனபோது வாசற்படியிலேயே நாற்றம் அடித்தது. ஊதுபத்தி வாசனையையும் மீறி அடித்தது. விபூதி அப்பிய அந்தப் பாதத்தின் நிறத்தை நான் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டும் வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி பாத்துக்கும்டா" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குரூப்பில் அன்றே செய்தி வந்தது. உயிருக்கு வந்தது காலோடு போயிற்று, எல்லாம் சாமியின் கருணை. கீழே கும்பிடும் கைகள். அதில் என் மனைவியுடைய கையும் இருந்தது. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. வேறு யாரையாவது அடிக்கலாம் என்றால், அடிக்க வேண்டிய ஆள் நான்தான்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அக்காவும் நானும் மட்டும் இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துணி, வடிகட்டி ஒன்றையும் விடவில்லை. அவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் கால் உன்னாலதான் போச்சா?"

நான் போர்வை நுனியை இழுத்துவிட்டேன்.

"இல்ல" என்றாள் அவளே. டீச்சர் குரலில் சொன்னாள். "சாமி என் உயிரைக் காப்பாத்திச்சு. நான் அப்படித்தான் நினைச்சுக்கப் போறேன். இல்லாட்டி நான் எப்படிடா உன் மூஞ்சில முழிக்கிறது? எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

கதவைத் தட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துப் பெண்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க வீட்லதானே விழுந்துச்சு? நீங்களே உங்க வாயால சொல்லுங்க சார்."

அக்கா என்னையே பார்த்தாள்.

"ஆமாங்க, விழுந்துச்சு" என்றேன்.